தடுக்கியவர் பதிவேடு

அன்புள்ள மைத்துனருக்கு,

அத்தான் எழுதுவது. இங்கே என் வலது முழங்கால் நீங்கலாக அனைவரும் நலம். உன் வீட்டில் எல்லா முழங்கால்களும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

உன் அக்காவின் பெருமையை எழுதத்தான் உட்கார்ந்தேன். அவளிடமே சொன்னால் தலைக்கேறிவிடும். எங்கள் வாசலுக்கு நேரே நடைபாதைக் கல் ஒன்று உடைந்து, ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்குமே, ஆபரேஷனுக்குப் பிறகு வாக்கரோடு அதைத் தாண்ட முடியாமல் மூன்று மாதம் கேட்டுக்குள்ளேயே கிடந்தேன். தெருமுனையில் முடிவெட்டும் கடை, போக வழியில்லை, தலை காடாகிவிட்டது. உன் அக்கா மனு கொடுத்தாள். ஒன்றல்ல, ஐந்து. நகராட்சி சாலைப் பிரிவில் முப்பது வருஷம் குப்பை கொட்டியவன் என்ற முறையில், மனுவெல்லாம் அங்கே நகராது, சும்மா இரு என்றேன். சும்மா இருக்கிற ஜென்மமா அது? வாசலில் நாற்காலியைப் போட்டு, மடியில் நோட்டை வைத்து உட்கார்ந்துவிட்டாள். வரிசை எண், தடுக்கியவர், நேரம், தடுக்கியபோது சொன்னது என்று நாலு கட்டம். தபால்காரர், இரண்டு தடவை. பால்காரர் சொன்னது எழுதத் தக்கதல்ல. பத்து நாளில் நாற்பத்தேழு பேர். நோட்டைக் கொண்டுபோய் இன்ஜினியர் மேஜையில் வைத்தாள். சின்ன வயசுக்காரர், நேரில் பார்க்கிறேன் என்று வந்தவர், வந்த வேகத்தில் தடுக்கி விழுந்தார். அவர் எழுந்திருப்பதற்குள் இவள் பேனாவைத் திறந்துவிட்டாள்.

“பேரைச் சொல்லுங்க தம்பி, நாப்பத்தெட்டாவது நீங்கதான்.”

நாலாம் நாள் புதுக் கல் வந்துவிட்டது. நேற்று நான் தனியாகப் போய் முடிவெட்டிக்கொண்டு வந்தேன். கேட்டைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டே நின்றவளுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான், மறைப்பானேன். முப்பது வருஷம் அந்த ஆபீசில் நான் செய்யாததை ஒரே நோட்டில் முடித்துவிட்டாள். அவளை எனக்குக் கட்டிக்கொடுத்த உங்கள் குடும்பத்துக்கு, கொஞ்சம் தாமதமாக, என் நன்றி.

குழந்தைகளுக்கு என் ஆசி. கீழே பார்த்து நடக்கச் சொல்.

இப்படிக்கு,
அத்தான்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் இன்ஜினியர் நோட்டைத் திருப்பிக் கொடுக்க வந்தார். கூடவே, பழைய கல்லைப் போட்ட காலத்துக் கோப்பின் நகலையும் உன் அக்காவிடம் நீட்டினார். ‘நேரில் ஆய்வு செய்தேன், திருப்தி’ என்று அதில் கையெழுத்துப் போட்டிருப்பவன் நான். சொந்தத் தெருதானே என்று ஜீப்பை விட்டு இறங்காமலே போட்டது. மறந்தே போயிருந்தேன். அவள் அதைப் படித்துவிட்டுப் பேனாவைத் திறந்தாள். நோட்டில் முதல் வரிக்கும் மேலே புதிதாக ஒன்றை எழுதியிருக்கிறாள்: ‘வரிசை எண் பூஜ்யம். தடுக்கியவர், என் வீட்டுக்காரர். சொன்னது, திருப்தி.’ நாற்காலி இப்போது வீட்டுக்குள், எனக்கு எதிரே இருக்கிறது. உடனே புறப்பட்டு வா.