பத்து நாள் கோழிக்காவல்

தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு. புத்தூர் முழுக்கக் கோழிகள் தொற்று வருத்தத்தால் தூங்கித் தூங்கிச் செத்துக்கொண்டிருந்தன. போர்க்காலப் பொருளாதாரத் தடையால் ஊசிமருந்து வருவதில்லை. எங்களிடம் பத்தொன்பது கோழி. பிள்ளைகள் இரண்டுக்கும் சத்தென்று கொடுக்க அந்த முட்டைதான் இருந்தது.

"இஞ்சேரும் பத்மாசினி!" மனைவியிடம் முழங்கினேன். "வருத்தம் கண்ட வீட்டுக்குப் போனவை பத்து நாளைக்கு எங்கடை படலை தாண்டேலாது. ஆராயிருந்தாலும்!"

"ஆராயிருந்தாலுமோ?"

"ஆராயிருந்தாலும்!"

வாசல் படலையடியில் ஒரு பேசின் நிறையச் சுண்ணாம்புத் தண்ணீர் வைத்தேன். தபால்காரரைக் கால் கழுவச் சொன்னேன். அவர் கடிதத்தை வேலிக்கு மேலால் எறிந்துவிட்டுப் போனார். கோழி தும்மினால் எழும்பினேன். தும்மாவிட்டால், ஏன் தும்மவில்லை என்று எழும்பினேன். நாலாம் நாள் கோழிகள் என்னைக் கண்டாலே ஓடின.

அஞ்சாம் நாள் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வேலியில் ஒரு பொட்டு, ஆள் நுழையுமளவு ஓட்டை. அதற்குள்ளால் புகுந்து பின்பக்கத்து ஒழுங்கையில் இருந்த கனகலிங்கத்தார் வீட்டுக்குக் காட்ஸ் விளையாடப் போனேன். அவருடைய கோழிகளுக்கு வருத்தம் வந்து மூன்று நாள். கோழியைத் தொடாவிட்டால் சரிதானே?

திரும்பி வந்தால், வேலிப் பொட்டடியில் நெற்றிப் பொட்டோடு பத்மாசினி. நான் உடுத்திருந்த சாரத்தில் ஒட்டியிருந்த இறகைப் பார்த்தாள். கையை நீட்டச் சொல்லி, மூக்கில் வைத்து மணந்தாள்.

"கோழிக்கறியோ?"

"ஒரு துண்டுதானப்பா."

"செத்த கோழியோ?"

"சீச்சீ! சாகப்போன கோழி."

"அங்கையே நில்லுங்கோ."

"நான் வீட்டுக்காரன்!"

"ஆராயிருந்தாலும்."

பொட்டைத் தென்னோலைக் கிடுகால் அடைத்தாள்.

தோட்டத்துப் புகையிலைக் கொட்டிலில் பத்து நாள் கிடந்தேன். சோறு வேலிக்கு மேலால் வந்தது, பேச்சும் வந்தது. பேச்சு பெரிசில்லை. என்னால் அந்த வாயில்லாச் சீவன்கள் செத்துவிடுமோ என்றுதான் நெஞ்சு பதைத்தது. விடியவிடிய எங்கள் சேவல் கூவுகிறதா என்று காது கொடுத்துக்கொண்டிருந்தேன்.

பதினோராம் நாள் படலை திறந்தது. எண்ணினேன். பத்தொன்பதும் இருந்தன!

அன்று பின்னேரம் கனகலிங்கத்தாரின் மனைவி அற்புதராணி, அயல் பெண்களையும் கூட்டிக்கொண்டு வந்து படலைக்கு வெளியே நின்றாள்.

"எங்களுக்கு ஒண்டு ரெண்டுதான் மிச்சம். உங்கடை எப்பிடி அக்கா தப்பினது?"

சுண்ணாம்பைப் பற்றிச் சொல்லத் தொண்டையைச் செருமினேன். பத்மாசினி முந்திவிட்டாள்.

"இவரைப் பத்து நாள் வெளியிலை விட்டன். வேறை ஒண்டும் செய்யேல்லை."

அடுத்த நாள் காலமை தோட்டத்துக்குப் போனேன். கொட்டில் வாசலில் கனகலிங்கத்தாரோடு ஆறு புருஷன்மார், பாயும் தலையணையுமாகக் குந்தியிருந்தார்கள்.

என்னைக் கண்டதும் எல்லாரும் முதுகைத் திருப்பிக்கொண்டார்கள்.