சாப்பாட்டு மேசையில் தீப்பிடித்த கோட்டை

மதிப்புக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம் பல. தங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்றும், சம்பந்தியம்மாவுக்குப் புதுக் கண்ணாடி பழகியிருக்கும் என்றும் நம்புகிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் என் காதுக்கு ஸ்பீக்கரில் போட்டால்தான் கேட்கும். நான் புகார் சொல்லப்போவது தங்கள் மகனைப் பற்றி. அவரோ அடுத்த அறையில் உட்கார்ந்து ஒரு ராட்சசனுக்குப் புருவம் வரைந்துகொண்டிருக்கிறார். ஆகவே கடிதம்.

குளியலறைக் குழாய் வெடித்து, அவர்கள் வீட்டுத் தரையைப் பெயர்த்துப் போட்டதிலிருந்து தங்கள் மகனும் என் மகளும் எங்களோடுதான் இருக்கிறார்கள் என்பது தாங்கள் அறிந்ததே. அதில் எங்களுக்கு மகிழ்ச்சிதான். மாப்பிள்ளையைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. சாப்பிட்ட தட்டைத் தானே கழுவுவார், மின்விசிறி சத்தம் போட்டால் ஏறிப் பார்ப்பார், செயற்கைப் பல் செய்யும் கூடத்தில் நாள் முழுக்கக் குனிந்து வேலை பார்த்துவிட்டு வந்தாலும் முகம் சுளிக்காமல் பேசுவார். ஆனால் அவரோடு துணிப்பெட்டி மட்டும் வரவில்லை, இன்னொரு பெட்டியும் வந்தது. அப்படி ஒரு பெட்டி இருக்கிறது என்று பெண் பார்க்க வந்தபோது தாங்கள் மூச்சுக்கூட விடவில்லை. அதற்குள்ளே கட்டைவிரல் உயரத்தில் பொம்மைகள். வாள் பிடித்தவன், வில் பிடித்தவள், ஆட்டுத்தலை, பன்றித்தலை, தலையே இல்லாத ஒன்று. பொம்மை என்று சொன்னால் மாப்பிள்ளை முகம் வாடிவிடும், மினியேச்சர் என்று சொல்லவேண்டும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆனால் எங்கள் சாப்பாட்டு மேசைமேல் கட்டம் போட்ட ஒரு பிளாஸ்டிக் விரிப்பை விரிப்பார். அதில் பேனாவால் கோட்டை, ஆறு, பாலம் எல்லாம் வரைவார். ஆளுக்கொரு பொம்மை, அந்தப் பொம்மைதான் அவரவர். கதை சொல்வது மாப்பிள்ளை, எதிரிகளை நடத்துவதும் அவரே. மற்றவர்கள் தங்கள் முறை வரும்போது இன்னது செய்யப்போகிறேன் என்று சொல்லி, இருபது முகமுள்ள பகடை ஒன்றை உருட்டவேண்டும். பெரிய எண் விழுந்தால் நினைத்தது நடக்கும். சின்ன எண் விழுந்தால் மானம் போகும். இதற்கென்றே அவருடைய சிநேகிதர் ஒருவர் வாராவாரம் வருகிறார். மருந்துக்கடையில் வேலை. எங்கள் வாசல் நிலையில் தலையை இடித்துக்கொள்ளாமல் உள்ளே வரத் தெரியாத நெட்டையர். அவர் மந்திரவாதி. என் மகள் வில்காரி.

முதலில் நான் ஒதுங்கித்தான் இருந்தேன். ஒதுங்கி இருந்தாலும் விட்டால்தானே? காலையில் எழுந்து குளியலறைக்குப் போனால் காலில் ஈட்டி ஏறும். அவ்வளவு சின்ன ஈட்டிக்கு அவ்வளவு பெரிய வலி எப்படி வருமென்று டாக்டருக்கே புரியவில்லை. ஒருநாள் என் தண்ணி டம்ளரை எடுத்து ஒரு வாய் குடிச்சிட்டேன், பார்த்தா அது தூரிகை அலம்பின தண்ணி. சாயங்காலம் வரைக்கும் நாக்கு பச்சை. இன்னொரு நாள் உங்க சம்பந்தியம்மா, அதாவது என் வீட்டுக்காரி, மேசையில ஏதோ கிறுக்கியிருக்குன்னு சோப்புத்தண்ணி போட்டு விரிப்பைத் துடைச்சு, வெயில்ல காயப்போட்டுட்டா. மாப்பிள்ளை வந்து பார்த்தார். கத்தலை, கோவிச்சுக்கலை. நாற்காலியில உட்கார்ந்து, "அத்தை, ரெண்டு நாடும் ஒரு தலைநகரமும் போச்சு"ன்னு மட்டும் சொன்னார். அவளுக்கு மனசு கேட்கலை. பாவம் பிள்ளைன்னு பக்கத்துல உட்கார்ந்து திரும்ப வரைய ஒத்தாசை பண்ணினா. ஆறு எந்தப் பக்கம் திரும்பணும்னு இவளே சொல்ல ஆரம்பிச்சா. அடுத்த ஞாயிறு அவளுக்கும் ஒரு பொம்மை வந்துடுச்சு, கோடாரி தூக்கின பொம்பளை. வாழ்நாள் முழுக்க டிக்கெட் கவுன்ட்டர்ல உட்கார்ந்து "சில்லறை இல்லை, அடுத்த ஆள் வாங்க"ன்னு சொன்னவ, சொந்த நகப்பூச்சை எடுத்து அந்தக் கோடாரிக்குச் சிவப்பு அடிச்சா, சம்பந்தி.

நான் மாட்டினது என் ரத்தக்கொதிப்பு மாத்திரையால. ஒரு ஞாயிற்றுக்கிழமை எதிரிப்படைக்குப் பொம்மை பத்தலைன்னு நெட்டையர் அலமாரியில இருந்த மாத்திரை அட்டையை எடுத்து, பிதுக்கிப் பிதுக்கிக் கட்டத்துக்கு ஒண்ணா வச்சிருக்கார். மருந்துக்கடையில வேலை பார்க்கிறவர் செய்யற காரியமா இது? சாப்பாட்டுக்கப்புறம் மாத்திரை போடணுமேன்னு நான் வீடு பூரா தேடினேன். மேசையில கண்ணுல பட்டது, எடுத்தேன், வாயில போட்டு முழுங்கினேன். மாப்பிள்ளை மெதுவா, "மாமா, எதிரித் தளபதியை முழுங்கிட்டீங்க"ன்னார். நெட்டையர் எழுந்து நின்னு கைதட்டினார், மேல விளக்குல இடிச்சுக்கிட்டார். என் மக சிரிச்ச சிரிப்புல அவ நாற்காலி பின்னால சாஞ்சிடுச்சு. தளபதி இல்லாத படை சிதறி ஓடிடுச்சு, அன்னிக்குச் சண்டை ஜெயம். தளபதியைக் கொன்னவரைச் சும்மா அனுப்பக்கூடாதுன்னு எனக்கும் ஒரு பொம்மை குடுத்தாங்க. கையில லாந்தர் பிடிச்ச காவல்காரன். கொஞ்சம் தொப்பை. வேணும்னே தேடி எடுத்ததுன்னு எனக்குத் தெரியும்.

சரி, விளையாட்டுதானேன்னு உட்கார்ந்தேன். ஆனா நான் யாரு? கட்டடங்களுக்குள்ள போய்த் தீப் பாதுகாப்பு சரியா இருக்கான்னு பார்த்துப் பார்த்தே ஓய்வு பெற்றவன். தியேட்டர், ஆஸ்பத்திரி, கிடங்கு எதுவானாலும் எனக்கு முதல்ல கண்ணுல படறது அவசர வழி. மாப்பிள்ளை ஆசை ஆசையா ஒரு கோட்டையோட பாதாளச் சிறையை வரைஞ்சு வச்சிருந்தார். நான் பார்த்துட்டு, "அவசர வழி எங்கே?"ன்னேன்.

"பாதாளச் சிறைக்கு எதுக்கு மாமா அவசர வழி?"

"சிறைன்னா உசிரு உசிரு இல்லையா? இத்தனை அறைக்கு ஒரே ஒரு வாசலா? இதுக்கு எவன் அனுமதி குடுத்தான்?"

"இதைக் கட்டினது ஒரு பூதம், மாமா."

"பூதத்துக்கும் சட்டம் ஒண்ணுதான்."

பேனாவை எடுத்து மூலையில ஒரு கதவு வரையற வரைக்கும் என் காவல்காரனை உள்ளே விடமாட்டேன்னுட்டேன். அப்புறம் உள்ளே போனா, ஒரு அறை முழுக்க எண்ணெய்ப் பீப்பாய். "இங்க நெருப்பு கூடாது"ன்னு நான் சொல்லிக்கிட்டு இருக்கும்போதே நெட்டையர் பன்றித்தலைக்காரன் மேல தீப்பந்தம் விடறேன்னு பகடையை உருட்டிட்டார். பெரிய எண். பன்றித்தலை செத்தான், பீப்பாய் வெடிச்சுது. மாப்பிள்ளை பஞ்சை எடுத்து ஆரஞ்சுச் சாயம் தோய்ச்சு வச்சிருந்தார், அதைப் பிச்சுப் பிச்சுக் கட்டம் கட்டமா வச்சார். அதுதான் தீ. பார்க்க நிஜமாவே பயமா இருந்துச்சு சம்பந்தி, தப்பாச் சொல்லக்கூடாது, நல்ல கைவேலை. உத்தரம் ஒண்ணு சரிஞ்சு விழுந்து கோடாரிக்காரியோட வழியை அடைச்சிடுச்சு. அந்தப் பக்கம் அவ. இந்தப் பக்கம் நானும் மத்தவங்களும். என் முறை வந்துச்சு. "என்ன பண்றீங்க மாமா?"

நான் யோசிக்கவே இல்லை. பொம்மையை எடுத்தேன், கட்டம் கட்டமா நடத்தினேன், மூலைக் கதவு வழியா வெளியே கொண்டுபோய் நிறுத்தினேன். ஊருக்கெல்லாம் அதைத்தானே சொன்னேன்? தீன்னா வெளியே போ, எதுக்காகவும் நிக்காதே, திரும்பிப் பார்க்காதேன்னு எத்தனை சுவத்துல எழுதிப் போடவச்சிருக்கேன்! பெருமையா நிமிர்ந்து, "பார்த்தீங்களா, கதவு எதுக்குன்னு?" அப்படின்னும் சொல்லிட்டேன்.

உங்க சம்பந்தியம்மா என்னையே பார்த்தா. "அவ்வளவுதானா?"ன்னா.

"என்ன அவ்வளவுதானா?"

"நான் உள்ளே இருக்கேன்."

"அது பொம்மை."

"உங்களுதும் பொம்மைதான். அதை மட்டும் பத்திரமா வெளியே கொண்டுபோய் வச்சீங்களே!"

மாப்பிள்ளை கடிகாரத்தைப் பார்த்தார். நெட்டையர் கூரையைப் பார்த்தார். என் மக, "மிச்சத்தை அடுத்த வாரம் ஆடலாம்"னு எழுந்துட்டா. இப்படியே இருக்கட்டும், யாரும் தொடக்கூடாதுன்னு ஏற்பாடு. அதனால வாரம் பூரா மேசை நடுவுல கோட்டை எரிஞ்சுக்கிட்டு இருந்துச்சு. நாங்க தட்டை மடியில வச்சுக்கிட்டுச் சாப்பிட்டோம். அவ என்கிட்ட ஒரு வார்த்தை பேசலை. காபி வரும், பேச்சு வராது. "உங்கப்பா குளிக்கப் போறாரான்னு கேளு"ன்னு எனக்கு எதிர்லயே மககிட்டச் சொல்வா. ஒவ்வொரு தடவை தண்ணி குடிக்கப் போகும்போதும் நான் அந்த மேசையைத் தாண்டித்தான் போகணும். பஞ்சுத் தீக்கு நடுவுல அவ நிக்கிறா. வெளியில, காத்தாட, லாந்தரோட, தொப்பையோட நான் நிக்கிறேன். எவ்வளவு அசிங்கமா இருந்துச்சு தெரியுமா? ஒருநாள் மத்தியானம் வீட்ல யாரும் இல்லைன்னு நினைச்சு, பொம்மையை ஒரே ஒரு கட்டம் உள்ளே தள்ளிப் பார்த்தேன். "தொடாதீங்க"ன்னு சமையலறையிலேர்ந்து குரல். அந்த வாரத்துல அவ என்கிட்ட நேரா சொன்ன ஒரே வார்த்தை அதுதான்.

மாப்பிள்ளையைத் தனியாப் பிடிச்சுக் கெஞ்சினேன். "நான் வச்சதைத் திருப்பி எடுத்துக்கறேன்"னேன். "வச்சது வச்சதுதான் மாமா, ஆனா உங்க அடுத்த முறை உங்க கையில"ன்னார்.

ஞாயிற்றுக்கிழமை வந்துச்சு. நெட்டையர் வழக்கம்போல இடிச்சுக்கிட்டு உள்ளே வந்தார். என் முறை. தொண்டையைச் செருமிக்கிட்டு, "காவல்காரன் திரும்பி உள்ளே போறான்"னேன். உத்தியோகத்துல யாராவது அப்படிப் போயிருந்தா நானே குறிப்பாணை அனுப்பியிருப்பேன். உருட்டினேன், உத்தரம் நகர்ந்துச்சு. "ஓடு!"ன்னு கத்தினேன். எதிர்வீட்டு ஜன்னல் திறந்துச்சு. கோடாரிக்காரி கதவு வழியா வெளியே வந்தா. அடுத்ததா என் காவல்காரன் வரணும். உருட்டினேன். ஒண்ணு விழுந்துச்சு. கூரை இறங்கிடுச்சு. மாப்பிள்ளை என் பொம்மையை எடுத்து மெதுவாச் சாய்ச்சு வச்சார்.

பரவாயில்லை, மானம் மிஞ்சிச்சேன்னு நான் சாய்ஞ்சு உட்கார்ந்தேன். அப்போ அவ முறை. கோடாரியை எடுத்தா. கதவு வழியா, திரும்ப உள்ளே!

"போகாதே! எதுக்குப் போறே? நான்தான் செத்துட்டேனே!"

"செத்தா அப்படியே விட்டுட்டு வந்துடறதா? நான் என்ன நீங்களா?"

உருட்டினா. அவளுக்கும் ஒண்ணு. ரெண்டு பொம்மையும் பஞ்சுக்கு நடுவுல பக்கத்துல பக்கத்துலயே படுத்துக்கிட்டு இருந்துச்சு. அப்புறம் அவதான், வாயைப் பொத்திக்கிட்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரிக்க ஆரம்பிச்சா. எனக்கும் சிரிப்பு வந்துடுச்சு. கண்ணுல தண்ணி வேற, சாயப்புகைன்னு சொல்லிச் சமாளிச்சேன். அன்னியிலேர்ந்து அவ பேச்சை நிறுத்தலை. ஒரு வாரத்துப் பாக்கியையும் சேர்த்துப் பேசிக்கிட்டு இருக்கா.

இப்போது புகாருக்கு வருகிறேன். தங்கள் மகன் எங்கள் இருவரையும் ஒரே மத்தியானத்தில் ஆட்டத்தைவிட்டு அனுப்பிவிட்டார். செத்த பொம்மைகளை உயிரோடு எழுப்பக்கூடாதா என்றால், "விதின்னு ஒண்ணு இருக்கே மாமா" என்கிறார். எங்கள் வீட்டில், எங்கள் மேசையில், எங்களுக்கே இடமில்லை. சோபாவில் உட்கார்ந்து அடுத்தவர் ஆடுவதை வேடிக்கை பார்க்க எங்களால் ஆகாது. ஆகவே தாங்கள் தந்தை என்ற முறையில் கண்டித்து, அந்தப் பெட்டியை மூடி, மேசையை எங்களிடம் ஒப்படைக்கச் சொல்லும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். இனி அந்தப் பகடையை என் கையால் தொடுவதாக இல்லை. இது முடிவு.

சம்பந்தியம்மாவுக்கு எங்கள் நமஸ்காரங்கள். தங்கள் வீட்டில் நோய்நொடி அண்டாமல், தூக்கமும் பசியும் குறையாமல் இருக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள சம்பந்தி

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் மாப்பிள்ளை கதவைத் தட்டிவிட்டு உள்ளே வந்தார். எதிரிப் பக்கத்தைத் தனியாக நடத்த அவரால் முடியவில்லையாம். அரக்கர் ராஜாவாக என்னையும், ராணியாக என் வீட்டுக்காரியையும் உட்காரச் சொல்கிறார். நான் யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அவள் யோசிக்கவில்லை; ராட்சசனுக்கு வரைந்த புருவம் சரியில்லையென்று திருத்தவே உட்கார்ந்துவிட்டாள். ஆகவே மேலே கண்ட எதையும் மாப்பிள்ளையிடம் மூச்சு விடவேண்டாம், இதைப் படித்ததும் கிழித்துப் போடவும். இப்போது மனிதர் பக்கம்தான் இரண்டு ஆள் குறைகிறது. தாங்களும் சம்பந்தியம்மாவும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்துவிடுவதாக நானே சொல்லிவிட்டேன், தங்களுக்கு ஒரு குதிரை வீரன் தயார். ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், பிறகு மனவருத்தம் கூடாது: சண்டை என்று வந்துவிட்டால் சம்பந்தி என்றெல்லாம் பார்க்கமாட்டோம்.