ஒரு தோட்டாவும் கொஞ்சம் கருவாடும்

விமானத்தில் போயிருக்கிறாயா என்று யாராவது கேட்டால், "கேட் வரைக்கும் போயிருக்கேன்" என்பேன். பொய்யில்லை. டிக்கெட் எடுத்தேன், போர்டிங் பாஸ் வாங்கினேன், ஜன்னலோர சீட்டையும் கேட்டு வாங்கினேன். அந்த சீட்டில் யாரும் உட்காராமலேயே விமானம் டெல்லிக்குப் போய்விட்டது. நான் ஆயுதச் சட்டத்தில் மாட்டிக்கொண்டு, விமான நிலையத்துப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். (தொழில்: மூன்றாம் வகுப்பு டீச்சர். அதுவரை நான் கையில் எடுத்த ஒரே ஆயுதம் மர ஸ்கேல்.)

அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. அந்த வயதில் நான் ஒரு பெரிய மேதாவி. விமானத்தில் ஏறுவது எப்படி என்று நாலு வீடியோ பார்த்துவிட்டு, மரக்காணத்தில் எங்கள் தெருவுக்கே வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். பவர் பேங்கை எங்கே வைப்பது, தண்ணீர் பாட்டிலை எங்கே கொட்டுவது, எல்லாம் எனக்கு அத்துப்படி.

கிளம்பிய காரணம் மட்டும் வேடிக்கையானதில்லை. அப்பாவுக்கு டெல்லியில் பைபாஸ் ஆபரேஷன். அண்ணன் அந்தோணி அங்கே வேலையில் இருந்ததால் அவனே கூட்டிக்கொண்டு போய்ச் சேர்த்திருந்தான். அம்மா இறந்த பிறகு அப்பா எங்களோடுதான் இருந்தார். எனக்கு ஸ்கூலில் பரீட்சை நேரம் என்பதால் முதலில் போக முடியவில்லை. வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு ஆபரேஷன் என்று முடிவானதும் அப்பா அண்ணனிடம் என் பெயரைச் சொல்லிக் கேட்டிருக்கிறார்: "பிலோ வந்து மூஞ்சியக் காட்டட்டும். அப்புறம் என்னை எங்க வேணா தள்ளிட்டுப் போங்க."

அதனால் புதன்கிழமை காலை விமானம்.

அப்பா என்னிடம் போனில் கேட்டது வேறு. அண்ணனுக்குத் தெரியாமல் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "எம்மா, கொஞ்சம் கருவாடு எடுத்துட்டு வாம்மா. இங்க உப்பில்லாத கஞ்சி குடுத்துக் கொல்றானுங்க" என்றார். முப்பது வருஷம் உப்பளத்தில் மேஸ்திரியாக இருந்த மனுஷர். உப்பு ஆகாது என்று டாக்டர் சொன்னதை அவர் நோயாக எடுத்துக்கொள்ளவில்லை, அவமானமாக எடுத்துக்கொண்டார்.

நான் கொஞ்சமாகவா எடுப்பேன்? எக்கியார்குப்பத்திலிருந்து நெத்திலி, சுறா, வாளை. டெல்லி உப்பில் ருசி இருக்காது என்று நம்ம ஊர்க் கல்லுப்பை இடித்துப் பொடியாக்கி, பாலிதீன் கவரில் கட்டி ஆறு பொட்டலம். அண்ணிக்கு முறுக்கு. அப்பாவுக்கு இரண்டு வேட்டி, ஒரு ஜெபமாலை. சூட்கேஸில் இடம் போதவில்லை. பரணில் ஏறி அப்பாவின் பழைய காக்கிப் பையை இறக்கினேன்.

அந்தப் பையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கழுவெளி ஏரிப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் மணிலாக் கொல்லை, அதாவது வேர்க்கடலை நிலம், இருந்தது. காட்டுப் பன்னித் தொல்லைக்காக அப்பா லைசென்ஸ் வாங்கி ஒற்றைக் குழல் துப்பாக்கி ஒன்று வைத்திருந்தார். தோளில் துப்பாக்கி, இடுப்பில் இந்தப் பை. "பன்னி வெரட்டப் போறேன்" என்றுதான் கிளம்புவார். திரும்பி வரும்போது பையில் ஏரி வாத்து, எங்கள் பாஷையில் தாரா, இருக்கும். (பன்னி எப்படித் தாராவாக மாறியது என்று நாங்கள் கேட்டதில்லை. குழம்பு நன்றாக இருக்கும்.) ஒவ்வொரு தேர்தலுக்கும் துப்பாக்கியைக் கொண்டுபோய் ஸ்டேஷனில் ஒப்படைத்து, திரும்ப வாங்க நடையாய் நடந்து, ஒருநாள் வெறுத்துப்போய் ஒரேயடியாகக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். பை மட்டும் பரணுக்குப் போனது.

என் வீட்டுக்காரர் சேவியர் பையை மோந்து பார்த்தார். "ஒரு மாதிரி வாசன வருதே பிலோ. வேற பை எடேன்."

"கருவாடு வெச்சா எல்லா வாசனையும் அடங்கிடும்" என்றேன். உள்ளே லைனிங் துணி ஓரத்தில் கிழிந்திருந்தது. தைக்க நேரமில்லை. நாலு ஊக்கு எடுத்து வரிசையாகக் குத்திவிட்டேன்.

அந்த நாலு ஊக்கை ஞாபகம் வைத்துக்கொண்டுதான் நான் இன்றைக்கும் பிள்ளைகளிடம் "டீச்சருக்கு எல்லாம் தெரியாதுடா" என்று சொல்கிறேன்.

சென்னை விமான நிலையத்தில் முதல் மானக்கேடு எடை மேடையில். பதினைந்து கிலோதான் அனுமதி. என் இரண்டு பைகளும் சேர்ந்து இருபத்தாறு காட்டின.

"மேடம், எக்ஸ்ட்ரா பேகேஜ் வரும். இல்லன்னா கொறைச்சுக்குங்க" என்றாள் கவுன்ட்டரில் இருந்த பெண்.

வீடியோவில் இதற்கும் வழி சொல்லியிருந்தார்கள்: கனமானதை உடம்பில் போட்டுக்கொள்ளலாம். வரிசைக்கு நடுவிலேயே சூட்கேஸைத் திறந்து, டெல்லி என்றாலே எப்போதும் குளிர் என்று நினைத்து அண்ணனுக்கு வாங்கிய ஸ்வெட்டரை சேலைமேல் போட்டேன். அதன்மேல் அப்பாவின் ஸ்வெட்டர். முறுக்கு டப்பாவையும் வேட்டிகளையும் கைப்பைக்கு மாற்றினேன். சுறாக் கருவாட்டை எடுத்து வெளியே வைத்ததும் எனக்குப் பின்னால் வரிசை தானாக இரண்டடி பின்வாங்கியது. கோட்டுப் போட்ட ஒருவர் கர்ச்சீப்பை எடுத்தார். கடைசியில் அண்ணிக்காக வாங்கிய ஆட்டுக்கல் குழவியை வாசலில் நின்றிருந்த சேவியரிடம் கொடுத்துவிட்டு வந்து, எடையைச் சரிக்கட்டினேன். காக்கிப் பை ஆடி ஆடி பெல்ட்டில் போய் மறைந்தது. ஜெயித்துவிட்ட மாதிரி இருந்தது.

கேட்டுக்குப் பக்கத்தில், இரண்டு ஸ்வெட்டரோடு, சித்திரை மாசத்தில் வேர்த்து வழிய உட்கார்ந்திருந்தபோது ஒலிபெருக்கியில் என் பெயரைக் கூப்பிட்டார்கள். கருவாட்டுக்காகத்தான் என்று நினைத்துக்கொண்டு, விளக்கம் தயார் செய்தபடியே போனேன்.

ஓர் அறை. கம்ப்யூட்டர் திரை. சீருடையில் இருந்த அதிகாரி திரையைக் காட்டி, "உங்க பேக்ல கார்ட்ரிஜ் இருக்கு" என்றார்.

"இருக்காதுங்களே. எங்க வீட்ல பிரிண்டரே இல்லை" என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை.

பையைப் பிரித்தார்கள். முதலில் வந்தவை ஆறு பாலிதீன் கவர் வெள்ளைப் பொடி. அறையில் இருந்த நாலு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "உப்புங்க! சும்மா உப்பு!" என்று நானே ஒரு பொட்டலத்தைப் பிரித்து நக்கிக் காட்டினேன். அதைப் பார்த்து அவர்களுக்குச் சந்தேகம் கூடிப்போனது. அப்புறம் கருவாடு. அப்புறம் லைனிங். ஒருவர் என் நாலு ஊக்கையும் கழற்றி, உள்ளே இரண்டு விரலை விட்டு எடுத்தார். கட்டைவிரல் தடிமனில் ஒரு சிவப்புக் குழல், பித்தளை அடிப்பாகம் பச்சை பூத்துக்கிடந்தது. அப்பாவின் தோட்டா. வெடிக்காத தோட்டா.

அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

ஸ்டேஷனில் சப்-இன்ஸ்பெக்டர் நல்ல மனுஷர்தான். பெண் கான்ஸ்டபிள் ஒருத்தியை என் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு, "நிதானமா சொல்லும்மா" என்றார். அங்கேதான் என் மேதாவித்தனம் மறுபடி தலைதூக்கியது. உண்மையை முழுசாகச் சொல்லிவிட்டால் விட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன்.

"எங்க அப்பாவோடது சார். பன்னி சுடறதுக்கு வெச்சிருந்தாரு."

"லைசென்ஸ் இருக்குதா?"

"இருந்துச்சு சார். துப்பாக்கியக் குடுத்துட்டாரு. பன்னிய மட்டுந்தான் சார் சுடுவாரு. எப்பவாவது தாராவும்..."

"ஏரியில இருக்கிற பறவையா?"

"ஆமா சார். ருசியா இருக்கும்."

அவர் பேனாவை மூடி வைத்தார். "அம்மா, கொஞ்சம் வாயை மூடிக்கிட்டு இரும்மா. நீ பேசப் பேச செக்‌ஷன் கூடிக்கிட்டே போவுது."

ஊக்கு குத்தி மறைத்தது யார் என்று கேட்டார். நான்தான் என்றேன். அவர் பெருமூச்சு விட்டார்.

மத்தியானம் அண்ணனின் போனுக்குக் கூப்பிட்டார்கள். அண்ணன் விஷயத்தைக் கேட்டதும் கத்த ஆரம்பித்தான். நடுவில் அப்பா போனைப் பிடுங்கிக்கொண்டார். எஸ்.ஐ. ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்தார்.

"ஏம்மா பிலோ, எந்தப் பைய எடுத்துட்டுப் போன?"

"காக்கிப் பைப்பா."

மூச்சு இழுக்கிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "செகப்பா இருக்குதா?"

"ஆமாப்பா."

"அட, அது கெடைச்சிருச்சா!" என்றார். அப்படி ஒரு சந்தோஷம் அந்தக் குரலில். "ஐயா, அந்த ஒண்ணுதான்யா கணக்குல கொறைஞ்சுது. துப்பாக்கி ஒப்படைச்ச அன்னிக்கு ஒரு தோட்டா இல்லைன்னு மூணு தடவ நடக்க வுட்டாங்க. தண்ணில வுழுந்திருக்கும்னு நானே எழுதிக் கையெழுத்துப் போட்டேன்யா. எங்க ஊர் ஸ்டேஷன்ல அந்தக் காயிதம் இருக்கும், கேட்டுப் பாருங்க. எம்பொண்ணுக்கு ஒண்ணும் தெரியாதுய்யா. புடிக்கிறதுன்னா என்னைப் புடிங்க. நான் எங்கயும் ஓட மாட்டேன், நெஞ்சுல நாலு வயர் சொருவி வெச்சிருக்கான்."

எஸ்.ஐ. சிரிப்பை அடக்கிக்கொண்டு, "நீங்க உடம்பப் பாருங்க பெரியவரே" என்றார்.

"பிலோ..."

"என்னப்பா?"

"கருவாடு இன்னா ஆச்சு?"

"இங்கதான் இருக்குதுப்பா. பத்திரமா இருக்குது."

"செரி. போயிட்டு வந்து சாப்புடறேன்."

அப்பா என்னிடம் கடைசியாகப் பேசியது அதுதான்.

அடுத்த நாள் காலை என்னை மாஜிஸ்ட்ரேட்டிடம் கொண்டுபோனார்கள். திண்டிவனத்திலிருந்து சேவியர் ஒரு வக்கீலை அழைத்து வந்திருந்தார். ஏழு மணிக்கு அப்பாவை உள்ளே கொண்டுபோயிருப்பார்கள் என்று நினைத்தபடி கோர்ட்டு வராந்தாவில் நின்றேன். பதினொரு மணிக்கு ஜாமீன் கிடைத்தது. சேவியர் போனைக் காதிலிருந்து எடுக்காமல் தூணுக்கு அந்தப் பக்கம் திரும்பி நின்றதைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. அப்பா மயக்கத்திலிருந்து எழுந்திருக்கவில்லை.

தினமும் எங்கள் ஊர் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும், தமிழ்நாட்டைவிட்டுப் போகக் கூடாது என்பது நிபந்தனை. டெல்லிக்குப் போக முடியாது. அதனால் அப்பா வந்தார். அதே விமான நிலையம், ஆனால் பின்பக்கம், சரக்குகள் வருகிற இடம். பழப் பெட்டிகளுக்கும் மோட்டார் பாகங்களுக்கும் நடுவில் ஒரு மரப்பெட்டி. அதன்மேல் ஒட்டியிருந்த சீட்டில் பெயருக்குக் கீழே எடை எழுதியிருந்தது. அப்பாவும் பெட்டியும் சேர்த்து. நான் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அங்கிருந்த ஊழியர் படிவத்தை நிரப்பிக்கொண்டே, வழக்கமாகக் கேட்கிற கேள்விதான், "பெட்டிக்குள்ள வேற எதுனா வெச்சிருக்கீங்களா?" என்று கேட்டார்.

அண்ணன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். அடக்கத்தன்று கோயிலில் எனக்குப் பக்கத்தில் உட்காரவில்லை. கல்லறைக் குழியில் உப்புத் தண்ணி ஊறிக்கொண்டே இருந்தது. ஆட்கள் வாளியால் இறைத்து இறைத்து ஊற்றினார்கள். அவனும் ஒரு வாளி வாங்கி இறைத்தான். நான் கை நீட்டினேன், தரவில்லை. டெல்லிக்குத் திரும்பும்போதும் சேவியரிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனான்.

விமான நிலையத்து ஸ்டேஷனிலிருந்து ஏட்டு ஒருவர் சேவியருக்கு இரண்டு முறை போன் செய்தார். "சார், அந்தக் கருவாட்ட மட்டும் வந்து எடுத்துட்டுப் போயிடுங்க. ஐயா ரூம்ல உக்கார முடியல." சேவியர் போய் வாங்கி, வரும் வழியில் யாருக்கோ கொடுத்துவிட்டு வந்தார். வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள் என்று நான்தான் சொல்லியிருந்தேன்.

வழக்கு பல மாதம் இழுத்தது. அப்பா சொன்ன காகிதத்தை ஊர் ஸ்டேஷனில் ஒரு ரைட்டர் தேடி எடுத்துக் கொடுத்தார். 'தோட்டா ஒன்று ஏரித் தண்ணீரில் தவறி விழுந்துவிட்டது' என்று அப்பாவின் கோணல் எழுத்து. அந்தக் காகிதமும், பையில் இருந்தது எனக்குத் தெரியாது என்ற வாதமும் சேர்ந்து உயர் நீதிமன்றத்தில் என்னைக் காப்பாற்றின. செய்தியை அண்ணனுக்கு அனுப்பினேன். படித்தான். பதில் இல்லை.

அப்பாவின் முதல் வருஷ பூசைக்கு அண்ணன் குடும்பத்தோடு வந்தான். பூசை முடிந்து எல்லோரும் கோயில் வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தோம். கண்ணைத் துடைக்க கர்ச்சீப் எடுக்கலாம் என்று என் கைப்பையைத் திறந்தேன். அண்ணன் இரண்டே எட்டில் வந்து அதைப் பிடுங்கினான். பங்குச் சாமியார், சொந்தக்காரர்கள், என்னிடம் படிக்கிற பிள்ளைகளின் அம்மாக்கள் எல்லோர் முன்னாலும் தலைகீழாகப் பிடித்துப் படிக்கட்டில் கொட்டினான். சாவி, தலைவலி மாத்திரை, சிவப்பு மைப் பேனா, பாதி தின்ற பிஸ்கட், ஒற்றைக் கொலுசு. குனிந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தான். பேனா மூடியைக் கூடக் கழற்றிப் பார்த்தான். எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது.

"ஒண்ணும் இல்ல. நீ போவலாம்" என்றான்.

பிறகு அவனால் முடியவில்லை. படியிலேயே உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். நானும் சிரித்தேன். பாதியில் அது அழுகையாகிப் போனதை யாரும் பெரிசுபடுத்தவில்லை. "சாவற நேரத்துலயும் கருவாட்டக் கேட்டாரு பாரேன்" என்றான். ஒரு வருஷத்துக்குப் பிறகு அவன் என்னிடம் மனசுவிட்டுப் பேசிய முதல் பேச்சு.

இப்போது எங்கள் வீட்டில் அது சட்டமாகிவிட்டது. யார் எங்கே கிளம்பினாலும், பாண்டிச்சேரிக்குப் பல் பிடுங்கப் போனாலும் சரி, வாசலில் பையைக் கவிழ்த்துக் காட்டிவிட்டுத்தான் போக வேண்டும். போன மாதம் என் மகள் பள்ளிச் சுற்றுலாவுக்குக் கிளம்பினாள். அண்ணன் டெல்லியிலிருந்து வீடியோ காலில் வந்தான்.

"கவுத்துக் காட்டும்மா."

அவள் கவிழ்த்தாள். பிஸ்கட், துண்டு, தண்ணீர் பாட்டில்.

"லைனிங்?" என்றான் அண்ணன்.

அவள் பையை உள்வெளியாகப் புரட்டி, போனுக்கு முன்னால் பிடித்துக் காட்டினாள்.