டிசம்பரில் தெற்கே போன சூரியனும் அண்ணன் கேட்ட நற்சான்றும்

அன்பும் மரியாதையும் உள்ள அண்ணனுக்கு,

தங்கை எழுதுவது. இங்கே நான், உன் மாப்பிள்ளை, எட்டு மாதப் பாப்பா மூவரும் நலம். மொட்டை மாடி மட்டும் நலமில்லை. உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது, தாமதத்தைப் பொறுத்துக்கொள். பதில் எழுத ஒரு கை வேண்டும். ஒரு கையில் பாப்பா, மறு கையில் தொட்டியைத் திருப்ப நீ கொடுத்துவிட்டுப் போன கைப்பிடி.

நீ மே மாதம் மாடியில் பொருத்திய, வெயிலைக் குவிக்கும் வளைந்த கண்ணாடித் தொட்டி, அதன் நடுவே ஓடும் கறுப்புக் குழாய், அதில் வரும் வெந்நீர் எல்லாமே அற்புதம் என்று நற்சான்று கேட்டிருக்கிறாய். அதைக் காட்டினால் குழந்தைகள் காப்பகம் இதேபோல் ஆறு வாங்குமாம். அண்ணா, அடுத்த மாதம் வேலைக்குத் திரும்பும்போது பாப்பாவை நான் விடப்போவதும் அதே காப்பகத்தில்தான். அதனால் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுகிறேன்.

மே மாதத்தில் அற்புதம்தான். பச்சைத் தண்ணீரே சுடுகிற வெயிலில் உன் குழாய் தளதளவென்று கொதித்தது, குளிக்கத்தான் ஆளில்லை. இப்போது குளிர், பாப்பாவுக்கு மூக்கு ஒழுகுகிறது, குழாயைத் திறந்தால் வெதுவெதுப்புக்கும் கீழே ஏதோ ஒன்று வருகிறது. நீ சுவரில் ஒட்டிய அட்டவணைப்படி காலை ஆறு மணிக்கு முதல் திருப்பு. அந்நேரம் சூரியனே எழுந்திருப்பதில்லை, நானும் பாப்பாவும்தான் இருட்டில் கைப்பிடியோடு காத்து நிற்கிறோம். உன் தொட்டி கிழக்கே பார்க்கும், மேற்கே பார்க்கும், அவ்வளவுதான். சூரியனோ தெற்கே சாய்ந்துவிட்டது. சாய்வாக வரும் வெளிச்சம் குழாயின் தென்முனையில் ஒன்றரை அடியை அம்போவென்று விட்டுவிட்டு, வடமுனையைத் தாண்டிப் போய்க் குவிகிறது. அங்கே இருப்பது என் கொடிக்கயிறு. நைலான். செவ்வாய்க்கிழமை மதியம் அது உருகி அறுந்து, பாப்பாவின் பதினான்கு இடுப்புத் துணிகளும் காற்றில் பறந்து கீழே விழுந்தன. கீழ்வீட்டு வக்கீல் ஒன்றை விரல் நுனியில் பிடித்தபடி மேலே வந்து, "ஏம்மா, இது நோட்டீஸா? பதில் எத்தனை நாள்ல குடுக்கணும்?" என்றார்.

உன் மாப்பிள்ளையிடம் புலம்பினால், செய்தித்தாளிலிருந்து தலை தூக்காமல், "மச்சான் பீரங்கிய வெச்சிட்டுப் போயிட்டாரு, எதிரி யாருன்னு சொல்லாமப் போயிட்டாரு" என்கிறார்.

உனக்குப் போன் செய்தேனே, என்ன சொன்னாய்? "டிசைன்ல ஒரு தப்பும் இல்ல. சூரியன்தான் இடம் மாறியிருக்கு. மார்ச்சுல தானா சரியாயிடும்." அதுவரை பாப்பா குளிக்காமல் இருக்கட்டுமா? மே மாதமே நான் கேட்டேன்: "டிசம்பர்ல சூரியன் தெக்கே போயிடுமே அண்ணா, அப்ப?" நீ விழுந்து விழுந்து சிரித்தாய். "புவியியல் படிச்சவளுக்கு ஆறு எங்க ஓடுது, மலை எங்க நிக்குதுன்னு தெரிஞ்சாப் போதும்டி!" அந்தச் சிரிப்பு சூரியன் காதில் விழவில்லை போலிருக்கிறது, என் பாடப்புத்தகத்தில் போட்டிருந்த இடத்துக்கே போய் நிற்கிறது.

ஆகவே நற்சான்று கிடையாது. முப்பது குழந்தைகளுக்கு மூக்கு ஒழுகும் பாவம் எனக்கு வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை வந்து உன் பீரங்கியைக் கழற்றிக்கொண்டு போ. அண்ணிக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கு முத்தங்கள். நீ நூறாண்டு நன்றாயிரு, ஒவ்வொரு டிசம்பரும் பச்சைத் தண்ணீரில் குளித்துக்கொண்டு.

இப்படிக்கு,
உன் தங்கை

பி.கு.: மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிடு. உறையை ஒட்டுவதற்குள் ஆத்திரம் தாங்காமல் மாடிக்குப் போய், தொட்டியின் வடக்குக் கால்களுக்கு அடியில் செங்கல் அடுக்கி, மொத்தத்தையும் தெற்கே பார்க்கச் சாய்த்துவிட்டேன். வெளிச்சம் குழாய் முழுக்க வந்து உட்கார்ந்துகொண்டது. பாப்பாவின் குளியலுக்குப் பச்சைத் தண்ணீர் கலந்து ஆற்ற வேண்டியதாயிற்று. கழற்ற வராதே. நற்சான்று இத்துடன் இருக்கிறது, எந்த மாதத்துக்கு எத்தனை செங்கல் என்ற அட்டவணையோடு. வடிவமைத்தவர் என்ற இடத்தில் என் பெயர். உன்னையும் விட்டுவிடவில்லை: 'உடனிருந்து உதவியவர்' என்று போட்டிருக்கிறேன்.