தெருவுக்கு ஒரு மெயில்

அன்று ளுஹர் தொழுகைக்குப் பின் ஏறாவூரில் நஸீபாவின் வீட்டு முன்ஹோலில் கூடியிருந்தவர்களின் விபரம் வருமாறு. நஸீபாவின் வாப்பாவும் தெரு நலன்புரிச் சங்கத் தலைவருமான ஹலீம் ஹாஜியார், கைபிடி வைத்த கதிரையில். போட்டோக் கொப்பிக் கடை நிஸ்தார், மடிக்கணினியோடு மேசைக்கு முன்னால். கலியாண வீடியோ எடுக்கும் பஹ்மி, ஜன்னல் ஓரத்தில். கரடியனாற்றில் வேளாண்மை செய்யும் சுதாகரன், எழும்பிப் போக வசதியாக வாசலுக்கு நேரே. ஹாஜியாரின் மகன் இஷாம் தரையில், முறுக்குத் தட்டோடு. நஸீபா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்வாசலில் நின்றாள். சீதனமாக எழுதிக் கொடுத்த வீடு அவளுடையதுதான், கதிரைகள்தான் முடிந்திருந்தன.

மடிக்கணினி காலையிலிருந்து ஒரே செய்தியைக் காட்டிக்கொண்டிருந்தது: பாஸ்வேர்ட் பிழை.

"பூட்டிட்டான்," என்றார் ஹாஜியார். "குடுத்துட்டுப் பறிக்கிறான். இவன் மனிசனா?"

"மனிசன் இல்ல ஹாஜியார், கம்பெனி," என்றான் நிஸ்தார்.

"அதத்தான் நானும் சொல்றன்."

ஹாஜியாரின் ஹஜ் விண்ணப்பத்துக்காக அந்த இலவச மெயிலைத் திறந்து கொடுத்தவன் நிஸ்தார்தான். பதினைந்து ஜிபி இடம் சும்மா தருகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் ஹாஜியாருக்கு நித்திரை போய்விட்டது. ஒரு மனிதன் ஆயுள் முழுக்க எழுதினாலும் நிரப்ப ஏலாத இடம். அதில் நாலு கடிதத்தைப் போட்டுவிட்டு மீதியை வெறுமனே விடுவது வீண்விரயம், வீண்விரயம் ஹராம். ஒரு கிணறு ஒரு தெருவுக்குப் போதாதா?

ஆகவே அந்த மெயில் தெருவுக்குப் பொதுவாயிற்று. பாஸ்வேர்ட் நிஸ்தாரின் கடைச் சுவரில் எழுதப்பட்டது. மாலையானால் நிஸ்தார் பெட்டியைத் திறந்து, பேர் சொல்லிக் கூப்பிட்டு, வந்த கடிதங்களை வாசிப்பான். வராதவர்களின் கடிதத்தையும் வாசித்துவிடுவான்; வந்தவர்கள் போய்ச் சொல்லட்டும் என்று. நஸீபாவின் புருசன் ஸாஹிர் கட்டாரில் களஞ்சியம் பார்க்கிறான். வேலையிடத்தில் போனுக்குத் தடை என்பதால் மெயிலில்தான் எழுதுவான். அவனுடைய இடுப்பு நோவுக்கு முழுத் தெருவும் மருந்து சொல்லியது.

இப்போது அதே களஞ்சியத்தில் இஷாமுக்கும் ஒரு வேலை. கட்டார்க் கம்பெனியின் கடிதம் அந்த மெயிலுக்குத்தான் வரும் என்று ஸாஹிர் முன்பே எழுதியிருந்தான். நாளை மத்தியானத்துக்குள் சம்மதம் என்று பதில் போகாவிட்டால் இடம் வேறொருவனுக்கு.

"நாளைக்கு வேல போகப்போகுது, நீ இரிந்து முறுக்குத் தின்றாய்," என்று ஹாஜியார் மகனைப் பார்த்துச் சீறினார்.

"நல்ல மொறுமொறுப்பு வாப்பா," என்றான் இஷாம்.

நிஸ்தார் தொண்டையைச் செருமினான். "சும்மா தாறவன் சும்மா பாத்துக்கிட்டு இரிக்கமாட்டான் ஹாஜியார். துஷ்பிரயோகம் எண்டு கண்டா மூடிருவான். ஒராள்ர கணக்க ஊரே பாவிக்கிறது, கண்ட நிண்ட சாமானையெல்லாம் அடுக்குறது, ஒரே கடிதத்தத் திரும்பத் திரும்ப அனுப்புறது..."

"இதுல நாம எதச் செஞ்ச?"

நிஸ்தார் தேத்தண்ணியைக் குடித்தான்.

ஹாஜியார் பஹ்மியின் பக்கம் திரும்பினார். "நீ என்னத்த அடுக்கி வெச்சிரிக்காய்?"

"கலியாண வீடியோ."

"எத்தின கலியாணம்?"

"நம்மட ஊர்ல நடந்த எல்லாம்."

"தலாக் ஆனதுமா?"

"அதுக்குத்தான் ஹாஜியார் கூடக் கேக்கிறாங்க. வழக்குக்கு."

"நீ?" என்றார் சுதாகரனிடம்.

"வயல் வட்டைக்குள்ள ஆனை வந்தா வீடியோ எடுத்து வையுங்க, நட்டஈட்டுக்கு வேணும் எண்டு கந்தோர்ல சொன்னாங்க. ஆனை ஒவ்வொரு நாளும் வருது. நான் என்ன செய்யிற?"

"சங்கத்துர இடத்துல ஆனை மேய்ச்சிரிக்காய்," என்று ஹாஜியார் நெற்றியில் அடித்துக்கொண்டார். "சரி, எல்லாரும் போன எடுங்க. ஒரே நேரத்துல பாஸ்வேர்ட அடியுங்க. ஆரையாவது ஒராள உள்ளுக்கு விடத்தானே வேணும்."

எல்லாரும் அடித்தார்கள். ஹாஜியார் தெருவால் போனவர்களையும் கூப்பிட்டு அடிக்கச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் புதிய செய்தி வந்தது: சந்தேகத்துக்கிடமான முயற்சிகள் காரணமாகக் கணக்கு முடக்கப்பட்டுள்ளது. நீங்கள்தான் உரிமையாளர் என்பதை நிரூபிக்கவும். நீங்கள் படித்த முதலாவது பாடசாலை எது?

"திறந்தவன் நீதானே. என்ன எழுதின?"

"அவசரத்துல என்னத்த அடிச்சனோ தெரியா ஹாஜியார்."

முதலில் ஹாஜியாரின் பாடசாலையைப் போட்டார்கள். பிழை. நிஸ்தாருடையதைப் போட்டார்கள். பிழை.

"என்ட பள்ளிக்கூடத்தப் போட்டுப் பாருங்களன்," என்றான் பஹ்மி.

"மெயில் திறக்கக்குள்ள நீ எங்க இரிந்த?"

"எதுக்கும் போட்டுப் பாருங்க."

போட்டார்கள். சுதாகரனுடையதையும் போட்டார்கள். ஒரே மனிதன் நாலு பாடசாலையில் முதலாம் வகுப்புப் படித்திருக்கிறான் என்று தெரிந்ததும் கம்பெனி கேள்வி கேட்பதையே நிறுத்திவிட்டது.

ஹாஜியார் கதிரையை விட்டு எழும்பினார். முகம் சிவந்திருந்தது. "புதுசா ஒண்டு திற. அதுல இருந்து அவனுக்கே முறைப்பாடு அனுப்புவம்."

நிஸ்தாரின் போன் இலக்கம் ஏற்கனவே அளவுக்கு மீறிப் பாவிக்கப்பட்டுவிட்டதாகக் கம்பெனி சொல்லியது. சுதாகரனின் இலக்கத்தைக் கொடுத்தார்கள். புதிய மெயில் திறந்தது. ஹாஜியார் சொல்லச் சொல்ல நிஸ்தார் முறைப்பாட்டை அடித்து அனுப்பினான்.

"ஒண்டு போதாது," என்றார் ஹாஜியார். "மகஜர் எண்டா பாரம் வேணும். தெருவுல இரிக்கிற வீட்டுக்கு ஒண்டு வீதம் அதையே அனுப்பு."

பாதித் தெரு போவதற்குள் புதிய மெயிலும் மூடப்பட்டது. சுதாகரனின் போன் சிணுங்கியது. அவன் எடுத்துப் பார்த்தான்.

"என்ட இலக்கத்துல இரிந்த மெயில் எல்லாத்தையும் பூட்டிட்டானாம். மானியப் பசளைக்குப் பதிஞ்சதும் அதுலதான்." அவன் எழும்பி நின்றான். "ஆனை வேளாண்மையத்தான் தின்னும் ஹாஜியார். நீங்க பசளையையும் சேத்துத் தின்னிட்டீங்க."

"இரி தம்பி, இரி. இதுக்கு இனிக் கடிதம்தான்." ஹாஜியார் மேசை இலாச்சியை இழுத்து நீளத் தாள் எடுத்தார்.

"தமிழ்ல எழுதினா அமெரிக்காக்காரனுக்கு விளங்குமா?" என்றான் பஹ்மி.

"கோபம் எந்தப் பாசையிலயும் விளங்கும்."

அவர் எழுதி முடித்துவிட்டு, கண்ணாடியை உயர்த்திச் சபைக்கு வாசித்துக் காட்டினார்:

"ஐயா, எமது பெட்டியில் கைவைக்க உமக்கு உரிமை தந்தவர் யார்? ஒருவருக்கு வந்த கடிதத்தை அவருடைய சம்மதம் இல்லாமல் பார்ப்பவன் கள்ளனிலும் கேடானவன். கள்ளன் பொருளை எடுக்கிறான். நீர் மானத்தை எடுக்கிறீர். உமக்கும் பெண்சாதி பிள்ளைகள் இல்லையா?"

"நெஞ்சில குத்துற மாதிரி இரிக்கி," என்றான் நிஸ்தார்.

"கடிதம் போய்ச் சேர எத்தின கிழமையோ. வேல நாளைக்கெல்லோ," என்றான் சுதாகரன்.

ஹாஜியார் பேனையைக் கீழே வைத்தார். முதல் தடவையாகக் குரல் இறங்கியது. "தெரியும். இவன்ட வேல என்னாலதான் போகுது. ஆனா இதக் கேக்காம விட்டா நாளைக்கு என்ன முகத்தோட நான் தெருவுல நடக்கிற?"

இஷாம் முறுக்குத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு அக்காவைப் பார்த்தான். அவள் கண்ணால் எதையோ சொன்னாள். அவன் தட்டை மறுபடியும் இழுத்துக்கொண்டான்.

கடிதம் மடிக்கப்பட்டது. ஹாஜியார் உறையின் வாயில் பசை தடவி, உள்ளங்கையால் அழுத்தி, அமெரிக்கா வரைக்கும் கேட்கட்டும் என்பது போல் மேசையில் இரண்டு குத்துக் குத்தினார். தபால் கந்தோர் மூடும் நேரம். பஹ்மி உறையைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு மோட்டார் சைக்கிளை உதைத்தான். அது சந்தியால் திரும்பும் சத்தம் ஹோல் வரைக்கும் கேட்டது.

நஸீபா வந்து வெறும் கோப்பைகளை ஒவ்வொன்றாகத் தட்டில் எடுத்து வைத்தாள்.

"நல்ல கடிதம் வாப்பா," என்றாள். "நேத்து இஷாம்ட வேலைக்குச் சம்மதம் எழுதிப்போட்டு பாஸ்வேர்ட மாத்தின நான்தான், என்ட மனிசன் எனக்கு எழுதுறத நிஸ்தார் காக்கா இனிக் கடையில நிண்டு வாசிக்க ஏலாம இரிக்க."