அக்காவின் பள்ளிக்கூடத்துக்கு ட்ரங்க் கால் போட்ட காரணம்

சேசு மரி சூசை துணை

நெரவி,
14-11-79

என் நன்மையைத் தவிர வேறொன்றும் நினைக்காத அக்கா அவர்களுக்கு, தம்பி பிலோமின்ராஜ் பணிவான ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. சர்வேசுரன் கிருபையால் நான் உடம்பளவில் சுகம். உங்கள் சுகமும் அத்தான் சுகமும் பிள்ளைகள் சுகமும் அறிய ஆவல். உங்கள் கடிதம் வந்தது. பாடம் நடத்திக்கொண்டிருந்தவளைத் தலைமையாசிரியை அறைக்கு ஓடிவர வைத்து, யாருக்கு என்ன ஆச்சோ என்று ரிசீவரை எடுத்தால், "அக்கா, சௌக்கியமா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறாயே, இதை எத்தனை தடவை செய்வாய், உனக்குப் புத்தி பிசகிவிட்டதா என்று கேட்டிருந்தீர்கள். பிசகித்தான் விட்டது. காரணத்தை எழுதுகிறேன், அத்தானுக்குத் தெரிய வேண்டாம்.

உங்கள் சிநேகிதி அந்தோணிமேரி அம்மா ஏற்பாடு செய்தபடி அவருடைய அக்காள் மகள் அற்புதத்தைக் காரைக்கால் கடற்கரையில் சந்தித்தேன். "வீட்டுல உக்காந்து பலகாரம் சாப்பிட்டா ஒருத்தர ஒருத்தர் தெரிஞ்சுக்க முடியாது, ரெண்டு பேரும் நடந்துகிட்டே பேசுங்க" என்று சொல்லிவிட்டு அந்த அம்மா எங்களுக்கு முதுகைக் காட்டி மணலில் உட்கார்ந்து வேர்க்கடலை உரிக்க ஆரம்பித்துவிட்டார். அற்புதம்தான் பேச்சை ஆரம்பித்தது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர் என்பதால் யாரிடமும் கூச்சமில்லாத பேச்சு. நான் குஞ்சம்மா அக்கா என்னை வளர்த்தது, குஞ்சம்மா அக்கா படிக்க வைத்தது, குஞ்சம்மா அக்கா அடித்தது என்று உங்களைப் பற்றியே பேசினேன். "உங்களுக்கு எதுன்னா பயம்?" என்று கேட்டது. பொய் சொல்ல வரவில்லை. கடல், நாய், ஊசி, இடி, எங்கள் கூட்டுறவுச் சொசைட்டி செயலாளர், சாமியார் திடீரென்று பெயர் சொல்லிக் கூப்பிடுவது என்று சொல்லிக்கொண்டே போனேன். அது அடக்கமாட்டாமல் சிரித்தது. அப்படிச் சிரிக்கும் ஒருவர் பக்கத்தில் நான் அதுவரை நடந்ததில்லை அக்கா. இருட்டிய பிறகுதான் அந்த அம்மா அதை அழைத்துக்கொண்டு போனார். அடுத்த ஞாயிறு பூசையில் பெண்கள் பக்கத்திலிருந்து திரும்பிப் பார்த்துச் சிரித்தது. தன் சித்தி அந்தோணிமேரி அம்மா கையில் நண்டுக் குழம்புகூடக் கொடுத்தனுப்பியது.

அதோடு நான் சும்மா இருந்திருக்க வேண்டும். மறுநாள் சொசைட்டியில் உட்கார்ந்திருந்தேன், போன் மேஜைமேல் இருந்தது. எடுத்தால் அதன் குரல் கேட்கும் என்று தோன்றியது. எடுத்தேன். "நம்பர் ப்ளீஸ்" என்றது. "நான்தான்" என்றேன். அது குரலைத் தாழ்த்தி, "சூப்பர்வைசர் பக்கத்துல இருக்காங்க. எந்த ஊருக்குப் போடணுங்க?" என்றது. மனப்பாடமாகத் தெரிந்த நம்பர் உங்கள் பள்ளிக்கூடம் ஒன்றுதான். பாண்டிச்சேரி என்றேன். ஆளைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் பி.பி. கால் என்பதால் உங்கள் பெயரையும் சொன்னேன். இப்படித்தான் அக்கா நீங்கள் வகுப்பிலிருந்து ஓடிவந்தது. அதற்கப்புறம் என்னால் நிறுத்த முடியவில்லை.

ஆனால் நாளுக்கு நாள் அந்தக் குரல் மாறிக்கொண்டே வந்தது. ஒரு நாள் நல்ல மழை, "குடை எடுத்துட்டுப் போங்க, வானம் இன்னும் கட்டிக்கிட்டு இருக்கு" என்றது. அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை, சந்தோஷம். மறுநாள் "லைன் கிடைக்கலைங்க" என்று பட்டென்று சொன்னது. அதற்கு மறுநாள் நீங்கள் வைத்த பிறகு இடையில் வந்து, "பேசி முடிச்சாச்சா?" என்று கேட்டது. நான், "இன்னும் ஆரம்பிக்கவே இல்லைங்க" என்றேன். "அப்ப நல்லாப் பேசுங்க" என்று சொல்லி இணைப்பையே துண்டித்துவிட்டது. இதற்கு என்ன அர்த்தம் அக்கா? கோபமா, கிண்டலா? எங்கள் செயலாளர் திருஞானசம்பந்தம் ஐயா வேறு மூக்குக் கண்ணாடிக்கு மேலே பார்த்து, "ஏம்ப்பா, நெரவி சொசைட்டிக்கும் பாண்டிச்சேரிப் பள்ளிக்கூடத்துக்கும் என்ன சம்பந்தம், அங்க பிள்ளைங்களுக்கு யூரியா போடுறாங்களா?" என்கிறார்.

போன ஞாயிறு அது பூசைக்கு வந்தும் என் பக்கம் திரும்பவே இல்லை. நற்கருணை வாங்கிவிட்டுக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு போயிற்று. அந்தோணிமேரி அம்மாவும் என்னைப் பார்த்ததும் தலைமுக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வேகமாக நடந்தார். அன்றிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. பயந்தாங்கொள்ளி என்று முடிவு கட்டிவிட்டதோ, கடற்கரையில் என் வாயில் வெங்காய நாற்றம் அடித்ததோ, வேறு நல்ல இடம் வந்துவிட்டதோ என்று என்னென்னமோ தோன்றுகிறது.

இதெல்லாம் போகட்டும், நேற்று நடந்ததைக் கேளுங்கள். அதன் அண்ணன் சந்தனசாமி காரைக்கால் போலீஸில் ஏட்டு என்று சொன்னீர்களே, நான் அதை மறந்தே போயிருந்தேன். மத்தியானம் சொசைட்டி வாசலில் ஒரு சைக்கிள் வந்து நிற்கிறது. சிவப்புத் தொப்பி, முறுக்கு மீசை. "இங்க பிலோமின்ராஜ்ங்கறது யாரு?" என்று கேட்டது மட்டும்தான் என் காதில் விழுந்தது. எப்படி எழுந்தேன் என்று தெரியவில்லை. உர மூட்டைகளுக்குப் பின்னால் இருக்கும் கதவு வழியாக இறங்கி, வயலில் ஓடி, வரப்பு வழுக்கி வாய்க்காலில் விழுந்து, இடுப்பளவு தண்ணீரில் அக்கரை ஏறிக் குரும்பகரம் ரோட்டில்தான் நின்றேன். நாற்று நட்டுக்கொண்டிருந்த பெண்கள் எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள். பொழுது சாய்ந்து திரும்பி வந்தால் செயலாளர் சொல்கிறார்: "ஏட்டய்யா உன்னத்தான் பாக்கணும்னாரு. நீ ஓடுறத ஜன்னல்ல நின்னு முழுசாப் பாத்துட்டு ஒண்ணுமே சொல்லாமப் போயிட்டாரு." ஒன்றும் சொல்லாமல் போகும் போலீஸ்காரர் திரும்பி வராமல் இருப்பாரா?

ஆகவே அக்கா, எனக்கு முப்பத்தாறு வயதாகிவிட்டது, இனிமேல் இதெல்லாம் தாங்காது. அவர்கள் வேண்டாம் என்று சொல்வதற்கு முன்னால் நீங்கள் முந்திக்கொண்டு, தம்பிக்குக் கல்யாணத்தில் இஷ்டமில்லை என்று அந்தோணிமேரி அம்மாவுக்கு எழுதிவிடுங்கள். அது பொய்தான், பாவசங்கீர்த்தனத்தில் நான் சொல்லிக்கொள்கிறேன். எனக்கு இனி எந்த இடமும் பார்க்க வேண்டாம். காலமெல்லாம் இப்படியே இருந்துவிடுகிறேன். அத்தானுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு முத்தம். மாதா உங்கள் எல்லாரையும் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் கீழ்ப்படிதலுள்ள தம்பி,
பிலோமின்ராஜ்

பின்குறிப்பு: மேலே எழுதியபடி எதையும் செய்துவிட வேண்டாம் அக்கா. யாருக்கும் ஒன்றும் எழுதிவிடாதீர்கள். இதைத் தபாலில் சேர்க்க இன்று காரைக்கால் வந்தேன். பெட்டிக்குப் பக்கத்தில் போனபோது பின்னால், "கொஞ்சம் நில்லுங்க" என்று குரல். டூட்டி முடிந்து அற்புதம் நிற்கிறது, கையில் டிபன் கேரியர், கண்ணெல்லாம் சிவந்து.

"ஒண்ணே ஒண்ணு கேக்குறேன், மறைக்காமச் சொல்லுங்க. ஞானமேரி யாருங்க?"

"எங்க அக்கா."

"உங்க அக்கா பேரு குஞ்சம்மா."

"அது ஊர்ல கூப்பிடுற பேருங்க. ஞானஸ்நானப் பேரு ஞானமேரி."

"தெனமும் பேரு சொல்லி பி.பி. கால் போட்டது அக்காவுக்கா? எதுக்கு?"

"உங்க குரலைக் கேக்க வேற வழி தெரியலைங்க" என்றேன்.

அது சுவரில் சாய்ந்துகொண்டது. அழுகிறதா சிரிக்கிறதா என்று எனக்குப் பிடிபடவில்லை. பிறகுதான் சொன்னது. முன்னே ஒரு இடம் நிச்சயமாகிக் கோயிலில் மூன்று ஞாயிறும் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்து முடித்த பிறகு, அந்த ஆளுக்குச் சென்னையில் ஒரு குடும்பம் இருப்பது தெரிந்ததாம். மறுபடியும் அப்படியோ என்று இத்தனை நாளும் அது ராத்திரியெல்லாம் விழித்திருந்திருக்கிறது. நான் பயந்ததைவிட அது அதிகமாகப் பயந்திருக்கிறது. இந்தக் கடிதத்தைக் கிழிக்கப் போனேன், அது பிடுங்கிப் படித்துவிட்டது. இப்போது மிச்சத்தைத் தானே எழுதுவதாகப் பேனாவைக் கேட்கிறது.

அக்காவுக்கு வணக்கம். இதை எழுதுவது அற்புதம். கடிதத்தை நான்தான் அனுப்பச் சொன்னேன். ஞானமேரி யார் என்று கேட்டுவரத்தான் அண்ணனை அனுப்பினேன். கேட்பதற்குள் ஆள் வாய்க்காலில் குதித்து ஓடிவிட்டார் என்று வந்து சொன்னார். அப்படியானால் ஞானமேரி இவர் பெண்டாட்டியேதான் என்று வீட்டில் எல்லோரும் முடிவு செய்துவிட்டோம். மன்னிக்கவும். இனி உங்களை வகுப்பிலிருந்து யாரும் கூப்பிடமாட்டார்கள், அதற்கு நான் பொறுப்பு. நீங்களும் உங்கள் வீட்டுக்காரரும் வருகிற ஞாயிறு எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வர வேண்டும். வரும்போது ஒன்று மட்டும் எனக்குச் சொல்லுங்கள். இவர் எப்போதுமே இப்படித்தானா, இல்லை போகப் போகச் சரியாகிவிடுவாரா? சரியாகாவிட்டாலும் பரவாயில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.