மூன்றாம் தண்ணீரும் தொட்டிக் கணக்கும்

வலியசாலை,
திருவனந்தபுரம்.
7-12-1999, செவ்வாய்க்கிழமை

நாகர்கோவில் வடசேரியில் இருக்கும் மைத்துனன் ஆறுமுகசாமிக்கு அத்தான் தாணுலிங்கம் எழுதுவது. அங்கே நீயும் வீட்டாரும் குறைவில்லாமல் இருக்க வேண்டும். இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று எழுதிவிட்டு அடித்திருக்கிறேன். அடித்த இடத்துக்குப் பக்கத்தில் என் சுருக்கொப்பம் இருக்கிறது, பார்த்துக்கொள். தணிக்கை அலுவலகத்தில் பழகிய கை. ஓய்வு பெற்ற பிறகும் மாறவில்லை. விஷயம் குழம்பிவிடக் கூடாது என்பதால் முதலில் இனங்களை வரிசையாகத் தந்துவிடுகிறேன்.

1. மருமகள் திவ்யலட்சுமிக்கு அம்மை வார்த்திருக்கிறது.
2. வருகிற ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு எம்.பி.ஏ. நுழைவுத் தேர்வு. அதன் கணக்கு வகுப்புக்கு அவளுக்குப் பதிலாக நான் போய்க்கொண்டிருக்கிறேன்.
3. இரண்டாவது இனத்தைப் பற்றி உன் அக்காள் சரஸ்வதிக்கு ஒன்றும் தெரியாது.
4. நீ செய்ய வேண்டிய அவசர உதவி.

இனி விவரம். மகன் பத்மகுமார் மஸ்கட்டிலிருந்து சித்திரையில் வருகிறான். இந்தத் தேர்வில் தேறி இங்கே இடம் கிடைத்தால் திவ்யா படிக்கட்டும், இல்லாவிட்டால் தன்னோடு மஸ்கட்டுக்கு வரட்டும் என்பது அவர்கள் இருவரும் பேசி வைத்தது. ஆகவே அவளுக்கு இந்த ஒரு தடவைதான். தம்பானூரில் ஒரு லாட்ஜின் மாடியில் நடக்கும் பயிற்சி வகுப்பில் சேர்ந்து நன்றாகத்தான் படித்து வந்தாள். ஒரு நாள் காய்ச்சலோடு வந்தாள், மறுநாள் முகத்தில் முத்துப் போட்டுவிட்டது. உன் அக்காள் வாசலில் வேப்பிலை செருகினாள், தாளிப்பதை நிறுத்தினாள், புத்தகங்களை எல்லாம் மூட்டையாகக் கட்டிப் பரணில் ஏற்றினாள். "அம்மை விளையாடுத வீடு. எழுத்தைப் பாத்தா கண்ணுல இறங்கிரும். பரீட்சையும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்" என்றாள். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "நீங்க என்னமோ சொல்ல வந்தியளே?" என்றாள். இல்லை, கொட்டாவி என்றேன்.

அன்று சாயங்காலம் அறை வாசலில் நான் உட்கார்ந்திருந்தபோது திவ்யா மெதுவாகக் கூப்பிட்டாள். "மாமா, எழுதித் தோத்தா பரவால்ல. எழுதாமலே மஸ்கட்டுக்குப் போனா, அங்க ஒவ்வொரு சப்பாத்தி பரத்தும்போதும் நெனப்பு வரும்" என்றாள். அதைக் கேட்ட பிறகு என்ன செய்வது? எனக்குச் சின்ன வயதிலேயே அம்மை போட்டுப் போய்விட்டது. அந்தத் தைரியம் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மறுநாள் தம்பானூருக்குப் போனேன்.

வகுப்பு எடுப்பவன் அஜின் என்ற பையன். வாசலிலேயே என்னை நிறுத்தி, "அப்பூப்பா, பேரனைச் சேக்கணுமா?" என்று கேட்டான். இல்லை, நான்தான் என்றேன். பையன்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். விவரம் சொன்னதும் அஜின் முதல் பெஞ்சில் இடம் கொடுத்தான். அவன் சொல்லித்தருவது கணக்கு என்று எனக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை. நாலு விடைகளில் எது பொருந்தாது என்று பார்த்து அடித்துக்கொண்டே வர வேண்டுமாம், மிஞ்சுவது விடையாம். வழி எழுத வேண்டாம், சரிபார்க்கவும் வேண்டாம். எல்லாவற்றுக்கும் மேலே, பாதிக் கணக்குகளைத் தொடாமலே விட்டுவிட வேண்டும். எதையும் விடாமல் பார்ப்பதற்காக எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள், ஆறுமுகம். முதல் கணக்கை நான் செய்து, விடையைத் திரும்ப வைத்துச் சரிபார்த்து, தலை நிமிர்ந்தபோது வகுப்பு இருபதாவது கணக்கில் இருந்தது. "அப்பூப்பா, தப்பா எழுதினா இருக்கற மார்க்கையும் பிடிச்சுட்டுப் போவான். விடவும் படிக்கணும் கேட்டோ" என்றான் அஜின். பின்னாலிருந்து ஒருவன், "அப்பூப்பன் எம்.பி.ஏ. பாஸாகும்போ கம்பெனி எல்லாம் பூட்டியிருக்கும்" என்றான். பையன்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், சிரிக்காவிட்டால் தவறாக எடுத்துக்கொள்வார்களோ என்று பயம்.

வீட்டிலிருந்து கிளம்புவதற்கு ஒரு காரணம் வேண்டுமே. "எங்க போறிய?" என்று உன் அக்காள் கேட்டபோது, திவ்யாவுக்கு இளநீர் வாங்கக் கிழக்கேகோட்டைக்கு என்று வாயில் வந்துவிட்டது. சொன்னபடி வாங்கி வராமல் இருக்க முடியுமா? தினமும் வாங்குகிறேன். கட்டிலுக்கு அடியில் இடமில்லாமல் இப்போது பூஜை அறை வரை இளநீர் வந்துவிட்டது. வகுப்பில் எடுத்த குறிப்புகளைத் தாள்தாளாக, திவ்யாவின் தலைமாட்டில் இருக்கும் வேப்பிலைக் கொத்துக்கு அடியில் வைத்துவிடுவேன். அம்மனுக்கான இலையை யாரும் கிளறமாட்டார்கள் அல்லவா? அந்த இலையும் ஒரு நாள்கூட வாடாமல் பச்சைப்பசேலென்று இருக்கிறது. அம்மன் துணை இருப்பதாக எடுத்துக்கொண்டேன்.

கண் வலிக்கும் நாட்களில் அவளால் தாளைப் பார்க்க முடியாது. அறை வாசலில் அம்மன் பாட்டுப் பாடினால் நல்லது என்று உன் அக்காள் சொல்லியிருந்தாள். அந்தப் பொறுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். உன் அக்காள் அடுக்களைக்குள் போனதும் கணக்கை அதே ராகத்தில் பாடுவேன். "தொட்டியை முதற்குழாய் ஆறு மணியில் நிறைக்குமே தாயே, இரண்டாம் குழாய் எட்டு மணியில் நிறைக்குமே தாயே, அடியில் ஓர் ஓட்டை பன்னிரண்டில் காலி செய்யுமே தாயே, மூன்றும் திறந்தால் எப்போது நிறையும் தாயே." உள்ளேயிருந்து பதில் வரும்: "நாலே முக்காலுக்கு மேலே, அஞ்சுக்குக் கீழே தாயே." எனக்குப் பொறுக்கவில்லை. "நாலு மணி நாற்பத்தெட்டு நிமிஷம் தாயே" என்று ராகத்திலேயே திருத்தினேன். அவள் மெதுவாக, "மாமா, உங்க மாதிரி போட்டா பரீட்சை முடியும்போ எனக்கும் பென்ஷன் ஆயிரும்" என்றாள். அந்த நேரம் பார்த்து அடுத்த வீட்டு வடிவம்மாள் மதிலுக்கு அந்தப் பக்கம் கைகூப்பி நிற்கிறாள். "உருக்கமான பாட்டு அண்ணாச்சி. இது எந்தக் கோயில் அம்மன்?" என்றாள். "தம்பானூர்" என்றேன். லாட்ஜ் மாடியில் கோயில் ஏது என்று அவள் போய்த் தேடாமல் இருக்க வேண்டும்.

இப்போது நான்காவது இனம். அம்மை இறங்க மஞ்சளும் வேப்பிலையும் போட்டு இரண்டு தண்ணீர் விட்டாயிற்று. மூன்றாம் தண்ணீர் விட்டால்தான் திவ்யா நிலைப்படி தாண்டலாம். பொருக்கு எல்லாம் காய்ந்துவிட்டது, வெள்ளிக்கிழமைக்கு மேல் தாராளமாக வெளியே போகலாம் என்று டாக்டர் தாசையன் சொல்லிவிட்டார். ஆனால் நாள் குறிப்பது உன் அக்காள். "மூணாம் தண்ணி எப்பம்னு யாரும் கேக்கப்பிடாது, கேட்டா நீளும்" என்று முதல் நாளே சொல்லிவிட்டாள். வெள்ளிக்கிழமை விட்டால் பரீட்சை உண்டு. அடுத்த செவ்வாய்க்குத் தள்ளினால் எல்லாம் போச்சு. நேற்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. உன் அக்காள் மஞ்சள் டப்பாவைத் திறந்தால் தண்ணீருக்குத்தானோ என்று எட்டிப் பார்க்கிறேன். ரசத்துக்கு எடுத்துவிட்டு மூடிவிடுகிறாள். திவ்யா கேட்பதே இல்லை. நான் பாடி முடித்ததும் கதவிடுக்கு வழியாக என் முகத்தை மட்டும் பார்க்கிறாள். அதுதான் தாங்க முடியவில்லை.

உன் பேச்சுக்கு மட்டும் அக்காள் காது கொடுப்பாள். நாளைக்கு இதைத் தபாலில் போட்டால் வியாழக்கிழமை உனக்குக் கிடைக்கும். அன்று சாயங்காலமே போன் செய்து, வேறு எதையாவது பேசிவிட்டு, வெள்ளிக்கிழமை தண்ணீர் விடுவது விசேஷம் என்று நீயாகச் சொல்வதுபோல் சொல்ல வேண்டும். கேள்வியாகிவிடக் கூடாது, கேட்டால் நீளும். பரீட்சை என்ற சொல்லும் வரக் கூடாது. எஸ்.டி.டி. பூத்திலிருந்து இதையே பேசியிருக்கலாமே என்பாய். இரண்டு தடவை போனேன். மீட்டர் ஓடுவதைப் பார்த்ததும் முதல் இனத்தைக்கூடச் சொல்ல வரவில்லை. போன வாரம் யாரோ "சௌக்கியமா" என்று கேட்டுவிட்டு வைத்தார்களே, அது நான்தான்.

உன் வீட்டில் பெரியவர்களுக்கு வணக்கமும் பிள்ளைகளுக்கு ஆசியும், அம்மை வீட்டிலிருந்து அனுப்புவதால் சற்றுத் தள்ளி நின்று. வாசித்ததும் கை கழுவிவிடு. நான் செய்தது சரியா என்று தெரியவில்லை. சரியில்லை என்றால் ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு சொல்.

உன் அத்தான்,
தாணுலிங்கம்

பின்குறிப்பு (புதன் காலை): உறையை ஒட்டப் பசை கேட்டேன். "யாருக்குக் காயிதம்?" என்றாள் உன் அக்காள். ஆறுமுகத்துக்கு என்றேன். "அவன் எதுக்கு? மூணாம் தண்ணி வெள்ளிக்கிழமைதான். ஞாயித்துக்கிழமை காலம்பற வர இசக்கிகிட்ட ஆட்டோவுக்குச் சொல்லியாச்சு" என்றாள். ஞாயிற்றுக்கிழமை ஆட்டோ எதற்கு என்று கேட்டேன். "பரீட்சைக்குப் பிள்ளை நடந்தா போவா?" என்றாள். உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். "அவ தலைமாட்டுல தெனமும் வேப்பிலையை மாத்துதது யாரு? அம்மனா வந்து மாத்துதா? உங்க தாளை எடுத்து, பழைய இலையைக் களைஞ்சு, புதுசு வச்சு, திரும்ப உங்க தாளை அடியில வைக்கதுக்குள்ள எனக்கு இடுப்பு போயிட்டு" என்றாள். அப்படியென்றால் எழுத்தைப் பார்க்கக் கூடாது என்று ஏன் சொன்னாய் என்றேன். "சொல்லாண்டாமா? நாளைக்கு ஒண்ணுன்னா வடிவம்மா நாக்கை யாரு அடக்கது? நான் சொல்லுதேன், நீங்க மறைங்க. அம்மனுக்கும் கோவமில்ல, பிள்ளைக்கும் படிப்பாச்சு. இனி இளநி மட்டும் வாங்காதீங்க" என்றாள். எழுதிய கடிதத்தை அனுப்பவும் சொல்லிவிட்டாள், நீயும் சிரிக்க வேண்டுமாம்.

உள்ளே திவ்யா பாடுகிறாள், தொட்டிக் கணக்கைத்தான். நாலே முக்காலுக்கு மேலே என்றே முடித்தாள். நான் திருத்தவில்லை.

நான்காவது இனத்தை நீ விட்டுவிடலாம். மூன்றாவது இனம் தவறு. அடித்துச் சுருக்கொப்பம் இட்டிருக்கிறேன்.